மூன்று மாதப் பத்தியம்

“செத்த மனுசனுக்கு என்ன மதினி பத்தியம்? கைய எடுங்க.”

“அவருக்கு எண்ணெய் ஆகாது சுந்தரி. செங்கமாரி உடம்பு, மஞ்சள் ஏறிடும்.”

சுந்தரி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். குளிப்பாட்டுமுன் உறவுக்காரர்கள் தலையில் எண்ணெய் வைக்கவேண்டும். இறந்தவரின் தங்கை என்பதால் அவள்தான் முதலில். பின்வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்த தனபாலனின் தலையை மனைவி வடிவம்மா இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

“மூணு மாசமா எங்கண்ணனுக்கு உப்பில்லாத கஞ்சி. ஒரு வடை கேட்டதுக்கு என்னா ஏச்சு ஏசினீங்க! இப்பவாச்சும் விடுங்க.”

யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமினார்கள்.

மகள் இராஜகுமாரி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். எண்ணெய் அப்பாவின் நெற்றியில் வழிந்தது. அதே மணம். சின்ன வயதில், சனிக்கிழமைகளில் அப்பாவும் அவளும் தலை நிறைய எண்ணெயோடு குண்டசாலையில் மகாவலி ஆற்றுக்கு நடப்பார்கள். வேலை பார்த்த கந்தோரில் வாரம் முழுதும் வாய்திறக்காத மனிதர், முழங்காலளவு தண்ணீரில் நின்று பாடுவார். மிதந்துவரும் நுரையைக் காட்டி, “மேல கம்பளையில இப்பத்தான் யாரோ சோப்பு போடுறாங்க” என்பார். அவள் நம்புவாள்.

மூன்று மாதத்துக்குமுன் அவர் கண் மஞ்சளித்தபோது அம்மா கீழாநெல்லி அரைத்தாள். வலி இல்லை, அரிப்பு மட்டும்தான். யாரும் அவசரப்படவில்லை. மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மகள் குமாரியை டாக்டர் தனியே அழைத்து ஒரு தாளில் கணையத்தை வரைந்தார். அதன் குழாயில் புற்றுநோய். அது பித்தம் இறங்கும் வழியை நெரித்ததால்தான் மஞ்சள். தொடக்கத்திலேயே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம். இப்போது ஈரல்வரை பரவிவிட்டது. அடைப்புக்குள் சிறுகுழாய் ஒன்று வைத்தார்கள். ஒரு வாரத்தில் மஞ்சள் வடிந்தது.

“பாத்தியா, கீழாநெல்லி கேக்குது” என்றாள் அம்மா.

குமாரி ஆமென்று சொல்லியிருந்தாள். நோயின் பெயரை அப்பாவின் கந்தோரில் மட்டும்தான் சொன்னாள்.

பிற்பகல் அப்பாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். குமாரி ஈரத் தலையோடு அறைக்குள் வந்தபோது, அம்மா அலுமாரியைத் திறந்துவைத்து, ஆஸ்பத்திரிக் கோப்பை மடியில் வைத்திருந்தாள்.

“கந்தோர் இராமகிருஷ்ணன் வாசல்ல யார்கிட்டயோ கேன்சர்னு சொன்னாரு.”

குமாரி கதவைச் சாத்தினாள்.

“நான் இலை அரைச்சிக்கிட்டிருந்த நாள்லயே கூட்டிட்டுப் போயிருந்தா…” அம்மா ஆங்கில எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு கோப்பை நீட்டினாள்.

“இந்தா. டாக்டர் எழுதினத எனக்கு வாசிச்சுச் சொல்லு குமாரி. ஒண்ணையும் விட்டுறாம.”