தடம் விழாத வில்வண்டி

வண்ணார்பேட்டையில் தாணுமாலையன் ஆசாரியின் பட்டறையில் செய்த வில்வண்டிகளின் சக்கரம் தரையில் படுவதில்லை. மாட்டைப் பூட்டியதும் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரற்கடை வெளிச்சம் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் ஆண்டு வாக்கில் திருநெல்வேலிச் சீமை முழுக்கத் தெரிந்த சங்கதி இது. ஐப்பசி மழையில் மற்ற வண்டிகள் அச்சு முங்கச் சகதியில் கிடக்க, ஆசாரி வண்டி அதன்மேல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். போன வழியில் காளைக் குளம்படி மட்டும் இருக்கும், சக்கரத் தடம் இருக்காது. சாலையில் சுங்கம் வாங்குகிற மனிதர், சக்கரம் சாலையைத் தேய்க்கவில்லையே என்று மாட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார். பண்ணையார்களும் வக்கீல்களும் அந்த வண்டிக்கு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அதில் ஏறித் திருச்செந்தூர் போனால் மடியில் வைத்த மோர்ச் செம்பு அலம்பாது. பார்த்தவர்கள் முதல் தடவை வாயைப் பிளப்பார்கள், இரண்டாம் தடவை விலை கேட்பார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி முடிந்ததும், வாங்குகிறவரிடம் கொடுக்கும் முன்பு, செய்த கைகள் அத்தனையும் அதில் ஏறிச் சீவலப்பேரி முக்கூடலுக்குப் போய், முழுக்குப் போட்டு, புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். ஆசாரி, தச்சர்கள், சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடிக்கும் கொல்லர், மெத்தைக்குப் பஞ்சு அடைக்கும் அன்னத்தாய் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மாட்டுக்குக் கழுத்துவாரும் மெத்தைத் தோலும் தைக்கிற மாசானம் மட்டும் பின்னால் நடந்து வருவான். சாதி அப்படி. அவனை ஏறச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை, ஏற வேண்டும் என்று அவனும் கேட்டதில்லை. இந்தப் பயணத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சோற்றுக்காகப் போகிறார்கள் என்றுதான் ஊர் சொன்னது, போனவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் ஆசாரிக்குக் கண்ணில் புரை விழுந்தது. பிள்ளை கிடையாது. பட்டறையை விற்றுவிட்டுச் சுசீந்திரத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். வாங்கியவள் பாளையங்கோட்டை ஜெபகனி. புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்து அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். அவர் விட்டுப்போன பனங்காட்டையும் தன் கழுத்துச் சங்கிலியையும் விற்று, மிச்சம் எதுவும் வைக்காமல் பட்டறையில் போட்டாள் அந்த மகராசி. இது போனால் அண்ணன் வீட்டு அடுப்படியில் அண்டிக் கிடப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. ஊர் சும்மா இருக்குமா? கை மாறினால் குணமும் மாறும், வண்டி தரைக்கு வந்துவிடும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பிறவிக் குணத்துக்கு மட்டை வைத்துக் கட்டினாலும் தீராது, அது மிதக்கத்தான் செய்யும் என்று மீதிப் பேர் சொன்னார்கள். இரண்டு கட்சியும் டவுன் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து தொண்டைத் தண்ணீர் வற்ற வாதாடின.

ஜெபகனி எதையும் மாற்றவில்லை. அதே தேக்கு, அதே வில், அதே ஆட்கள். ஆயுத பூஜையைக்கூட நிறுத்தாமல் பொரிகடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் வேப்பமரத்தடியில் நின்று பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் நிறுத்தினாள். புதுச் சேலையை நாலு பேர் உடுத்திக் களைந்த பிறகா கடையில் விற்பார்கள் என்று கேட்டு, முக்கூடல் பயணம் வேண்டாம் என்றாள். வாங்குகிறவர்தான் முதலில் உட்கார வேண்டும் என்று மெத்தைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்தாள். மரியாதை தெரிந்த பெண் செய்கிற காரியம்தான். முதல் வண்டி சீவலப்பேரிப் பண்ணை திருஞானசம்பந்தம் பிள்ளைக்குப் போனது. பாலம் தாண்டும் முன்பே கடகடவென்று ஆடி, அவர் மடியிலிருந்த வெற்றிலைச் செல்லம் தெறித்து ஆற்றில் விழுந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டுவந்து நிறுத்தினார். தைப்பூசத்துக்குள் இது மிதக்காவிட்டால் தன் பேச்சுக்கு மரியாதை உள்ள வீடு எதிலும் இனி இந்தப் பட்டறை வண்டி நிற்காது என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். வண்டி போட்ட இரண்டு தடத்தையும் பார்க்க ஊரே திரண்டு வந்தது. வேதம் மாறிய கை பட்டதால் வந்த வினை என்று வாய்கூசாமல் சொன்னார்கள். அன்று ஜெபகனி சாப்பிடவில்லை.

அவள் ஆள் அனுப்பிச் சுசீந்திரத்திலிருந்து ஆசாரியைக் கூட்டிவந்தாள். கிழவர் வண்டியை முழுக்கத் தடவிப் பார்த்தார். மூட்டு மூட்டாகத் தட்டிக் கேட்டார், ஆணியைக் கழற்றித் திரும்ப அடித்தார். ஒரு குறையும் இல்லை. மாட்டைப் பூட்டினார்கள். சக்கரம் மண்ணில் பதிந்து நின்றது. கிழவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாலதான் மிதக்குதுன்னு இத்தனை காலமும் நெனச்சிட்டுக் கெடந்தேன் தாயி. எங் கையில ஒண்ணுமில்ல போலுக்கே,” என்றார்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சலில் மேலெல்லாம் கொதித்தது. முக்கூடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறேன் என்றார். நடக்க முடியாது. எப்படியும் வீணாய்ப்போன வண்டிதானே என்று அதிலேயே அவரைப் படுக்க வைத்து, தலைமாட்டில் ஜெபகனி உட்கார்ந்தாள். தனியாக விட மனசு வராமல் தச்சர்களும் கொல்லரும் ஏறிக்கொண்டார்கள். அன்னத்தாய் சோற்றுச் சட்டியோடு ஏறினாள். மாசானம் வழக்கம்போலப் பின்னால் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவன் நின்றுவிட்டான். “தடத்தைக் காணலியே,” என்றான். எட்டிப் பார்த்தார்கள். பட்டறை வாசலிலிருந்து வந்த இரண்டு கோடும் புளியமரத்தடியில் முடிந்திருந்தன. அதற்கு இந்தப் பக்கம் குளம்படி மட்டும் கிடந்தது. சக்கரத்துக்குக் கீழே அந்தப் பழைய விரற்கடை வெளிச்சம். அன்னத்தாய் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கொல்லர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

ஜெபகனி அழவில்லை. செய்த கைகளில் இன்னும் ஏறாத கை எது என்று மாசானத்தைப் பார்த்தாள். பிறகு மெத்தையில் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

“அண்ணாச்சி, நீங்களும் ஏறுங்க.”

மாசானத்தை அந்த ஊரில் அதுவரை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். தச்சர்களில் ஒருவர் இறங்குவதற்குக் காலைக்கூட எடுத்துவிட்டார். படுத்திருந்த கிழவர் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“இவரு தச்ச தோலுமேலதான் நான் படுத்துக் கெடக்கேன். இரும்வே. பைய ஏறும், மாசானம்.”

மாசானம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினான். வண்டி உயர்ந்தது. சத்தமில்லை, குலுக்கலில்லை. கிணற்றில் வாளி தண்ணீரோடு மேலே வருகிற மாதிரி நிதானமாக உயர்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நெல் வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து அப்படியே நின்றார்கள். காளைகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தன. வண்டி அப்படியே முக்கூடல் வந்து சேர்ந்தது.

தைப்பூசத்துக்கு முன்பே திருஞானசம்பந்தம் பிள்ளை வந்தார். யார் யார் ஏறிய வண்டி என்பது அவர் காதுக்கு அதற்கு முன்பே போயிருந்தது. தீட்டுக் கழித்துத் தரச் சொல்வார் என்று ஊர் எதிர்பார்த்துக் கூடி நின்றது. ஜெபகனி எதையும் மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மாசானம் ஏறாத வண்டி வேண்டுமானால் யாருமே ஏறாமல் செய்து தருகிறேன், அது தரையில் ஓடும் என்று மட்டும் சொன்னாள். பிள்ளைவாள் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். குனிந்து சக்கரத்துக்கு அடியில் தன் கைத்தடியை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். ஏறப் பார்த்தார், படி எட்டவில்லை. “ஒரு மணைக்கட்டை போடச் சொல்லும்மா,” என்றார்.

அதற்குப் பிறகு ஆசாரி வண்டி என்ற பேர் போய் ஜெபகனி வண்டி என்ற பேர் வந்தது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் பாளையங்கோட்டைக்கு ஒரு மோட்டார் வந்து, போகிற இடமெல்லாம் புழுதியைக் கிளப்பியது. ஜெபகனி வண்டி அதன் பக்கத்தில் ஒரு தூசி எழுப்பாமல் போனது. கை மாறினால் குணம் மாறுமா என்று தெப்பக்குளத்துப் படியில் இப்போது யாரும் வாதாடுவதில்லை. மாறியதை எல்லாரும் பார்த்தாயிற்று. வண்டி வாங்கப் போகிறவர்கள், மாசானம் அண்ணாச்சி ஏறியாயிற்றா என்று கேட்டுக்கொண்டு, மணைக்கட்டையையும் சேர்த்து வாங்கி வருகிறார்கள்.