எனிட் வீட்டுக் கிழவர் பொம்மை

வாசல் கதவோரம் பழைய தோல்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரில் கணப்புப் பக்கம் இருந்த தன் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

"இன்னிக்கு சனிக்கிழமை, சந்தை. எவனாவது உள்ள வந்தா, 'இது மியூசியம் இல்ல, எங்க வீடு, வெளிய போங்க'ன்னு நீ சொல்லணும், எனிட். சொல்லலேன்னா மத்தியான பஸ்ஸுல நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

"அதை நீயே சொல்லேன், சிரில்."

"நான்தான் தூங்கிட்டு இருப்பேனே," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷனுக்கு, வீட்டுக்குள் நுழைந்த நாலு பேரை இறக்கிவிடத் துப்பில்லை. அவரும் எனிட்டைப் போல அதே ஊரில் பிறந்தவர்தானே! முன்பின் தெரியாதவர் முகம் கோணும்படி ஒரு வார்த்தை வராது. மிரட்ட வேண்டுமென்றால் பெண்டாட்டி இருக்கிறாள்.

வினை ஒரு பலகையில் ஆரம்பித்தது. பக்கத்து வீடு கம்பளி வியாபாரி ஒருவரின் பழங்கால வீடு. அதை மியூசியமாக்கிய ஊர்ப் பழமைப் பாதுகாப்புக் குழுவின் தலைவி மிஸஸ் காபோல்ட், கையில் எலுமிச்சைக் கேக்குடன் வந்தாள். "அந்தப் பழைய சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதாம். 'மியூசியம்'னு எழுதின பலகையை உங்க சுவத்துல மாட்டிக்கட்டுமா? உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவில்லையே?"

மார்க்கெட் ஆட்லிங் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. "ஐயையோ, ஒரு தொந்தரவும் இல்லை," என்றாள் எனிட். ஏணியைக்கூட அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

பலகையில் பக்கத்து வீட்டைக் காட்டி அம்புக்குறி இருந்தது. ஊர் பார்க்க வருகிறவன் அம்பையா பார்ப்பான்? முதல் ஜோடி நேரே இவள் கூடத்தில் வந்து நின்று பழங்கால உத்தரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது. தப்பான வீடு என்று சொன்னால் பாவம், அவர்களுக்கு எவ்வளவு கூச்சமாகப் போய்விடும்! எனிட் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாடியையும் காட்டினாள்.

அடுத்த வாரம் கதவைப் பூட்டிப் பார்த்தாள். ஒருவரும் தட்டவில்லை. தூறலில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நின்றார்கள். எதற்காக நிற்கிறோம் என்று கேட்காமலே அந்த வரிசையின் வாலில் இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனிட்டுக்கு மனசு கேட்கவில்லை. திறந்துவிட்டாள். அதிலிருந்து சனிக்கிழமை வந்தால் வீடு வீடாக இல்லை.

இன்றும் வந்தார்கள். பிளாஸ்டிக் மழைக்கோட்டில் ஒரு கும்பல், ஈரக்காலோடு. சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி அடுப்பிலிருந்த பாத்திரத்தின் மூடியைத் தூக்கினாள்.

"இங்க பாருங்களேன், ஆட்டுக்கறி வாசனைகூட வர வச்சிருக்காங்க!"

"வாசனையெல்லாம் சரிதான். இந்தக் கிழவர் பொம்மையைத்தான் சொதப்பிட்டாங்க," என்றான் அவள் புருஷன், சிரிலின் முகத்தருகே குனிந்து. "மூக்கைப் பாரு, பூசணிக்காய் மாதிரி."

சிரிலின் காது சிவந்தது.

"மெழுகு இல்லையா, கணப்புச் சூட்டுல அப்படித்தான் சிவக்கும்," என்று விளக்கம் சொன்னார் ஒரு விஷயம் தெரிந்தவர்.

எனிட் தொண்டையைச் செருமினாள். "மன்னிக்கணும்... உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா... இது வந்து..."

"டீ கிடைக்குமா, அம்மா?" என்றாள் தொப்பிக்காரி.

"பால் விட்டா, விடாமலா?" என்று கேட்டுவிட்டு எனிட் கெட்டிலை எடுத்தாள். கை தானாகப் போயிற்று. கெட்டிலை எடுத்த பிறகுதான் சிரில் ஒற்றைக் கண்ணைத் திறந்து தன்னைப் பார்ப்பதைக் கவனித்தாள்.

மாதா கோயில் மணி அடித்தது. பஸ் வருகிற நேரம். சிரில் எழுந்தார்.

கூட்டம் வீறிட்டது. அப்புறம் கைதட்டியது. சிரில் யாரையும் பார்க்காமல் கோட்டுப் பொத்தான்களை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பெட்டியில் கை வைத்தார்.

"எனிட்," என்றார். அவ்வளவுதான்.

அவர் இல்லாத வீட்டை எனிட் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து விழுங்கிய அத்தனை வார்த்தையும் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

"இது எங்க வீடு! மியூசியம் இல்ல! எல்லாரும் வெளிய போங்க!"

சிரில் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். அவர் முகம் மலர்ந்ததை, கல்யாணத்துக்குப் பிறகு எனிட் அன்றுதான் பார்த்தாள்.

"அபாரம்!" என்று கத்தினாள் தொப்பிக்காரி. "கம்பளி வியாபாரி சம்சாரம்னா இப்படித்தான் இருந்திருப்பா! எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு!" கூட்டம் மறுபடி கைதட்டியது. "என் தங்கச்சி கார் நிறுத்தப் போயிருக்கா, பாவம், இதைப் பார்க்காம விட்டுட்டா. அடுத்த ஆட்டம் எப்போ, அம்மா?"

எத்தனை ஆசையாகக் கேட்கிறாள்! மழையில் அத்தனை தூரம் வந்த தங்கச்சி வேறு.

"மூணு மணிக்கு," என்றாள் எனிட்.

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. சிரில் அவளைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்ற வரிசை இரண்டாகப் பிளந்து, அவர் தாண்டிப் போகப் போக ஒவ்வொருவராக "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று வழிவிட்டது.

மூன்று மணிக்குத் தங்கச்சி வந்தாள். ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. கணப்பு அணைந்துபோய்க் கிடந்தது. கிழவர் நாற்காலியில் ஒரு கிழவி.

"பொம்மையை மாத்திட்டாங்க போல," என்றாள் தொப்பிக்காரி. "ஆனா இது அதைவிட நல்லாயிருக்கு. கண்ணுல தண்ணி வழியற மாதிரிகூடப் பண்ணியிருக்காங்க, பாரேன்." தங்கச்சி விரலை நீட்டிக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மன்னிக்கணும் என்று எனிட்டுக்கு வாய்வரை வந்துவிட்டது. திடீரென்று பொம்மை பேசினால் பாவம், அந்தப் பெண் பயந்துவிடுவாளே என்று அடக்கிக்கொண்டாள்.