எட்டில் இரண்டு போனால்

மெர்லிமாவ் தோட்டத்துச் சாலையில் பால்ராஜின் மோட்டார் சைக்கிள் வந்தால், பின்னால் உட்கார்ந்து மகள் மரியசெல்வி வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம்தான் முதலில் கேட்கும். தமிழ்ப்பள்ளி வாசல் வருவதற்குள் ஒரு வாய்ப்பாடு முடிந்தாக வேண்டும். தப்பு விட்டால் வண்டியை ஓரங்கட்டி, மறுபடி முதலிலிருந்து. பொல்லாத மனுஷன். ஆறு வருஷம் இப்படி ஓட்டியதில் எண்கள் அவள் கைக்குள்ளேயே குடியேறிவிட்டன.

இடைநிலைப்பள்ளியில் அதுவே வினையாகிவிட்டது. aயின் எட்டாம் அடுக்கை இரண்டாம் அடுக்கால் வகுக்கச் சொன்னால், எட்டையும் இரண்டையும் கண்ட மாத்திரத்தில் கை நான்கு என்று எழுதிவிடும். "வகுத்தா அடுக்கக் கழி லா! எத்தன தடவ சொல்றது?" என்று டீச்சர் கத்திப் பார்த்தார். சோதனைத் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணக்குக்குக் கிரெடிட் தேர்ச்சி இல்லையென்றால் தாதியர் பயிற்சி கிடையாது, கையுறைத் தொழிற்சாலை வேலைதான்.

பால்ராஜ் இப்போது பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். வாயில் மிஞ்சியவை சில சொற்கள், அவற்றிலும் பாதி எண்கள்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின மாலை, செல்வி அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, விதியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணக்கையே பிரித்து எழுதினாள். மேலே எட்டு a, ஒன்றோடொன்று பெருக்கியபடி. கீழே இரண்டு. கீழே உள்ள ஒவ்வொன்றும் மேலே ஒன்றை அடித்துக்கொண்டு போனது. மிச்சம் ஆறு. அடச்சே, இவ்வளவுதானா! எத்தனை a பெருக்கியிருக்கிறது என்ற எண்ணிக்கைதானே அடுக்கு? அதில் இரண்டு குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அப்பா, இங்க பாருங்க, புரிஞ்சிருச்சு!"

அவர் தாளைப் பார்த்தார். எட்டு, இரண்டு, ஆறு. முகம் கோணியது. "நா... நாலு," என்றார்.

"இல்லப்பா, இது இண்டெக்ஸ், அடுக்கு. கழிக்கணும்."

"நாலு." இடது கையால் அந்த ஆறைத் தட்டித் தட்டி அழுதார். தான் விழுந்ததில் பிள்ளையின் படிப்பும் பாழாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "அவர ஏன்டி அழ வைக்கிற?" என்றாள்.

செல்வி ஆறை அழித்து நான்கு போட்டாள். "ஆமாப்பா, நாலுதான். நான்தான் தப்பா போட்டுட்டேன்."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி தூங்கிப்போனார். விடிகாலையில் மூச்சு நின்றுவிட்டது.

அழக்கூட விடாமல் சித்தப்பா எட்வின் அவளைச் சீருடை மாட்டச் சொன்னார். "அடக்கம் சாயந்திரந்தான் மா. நீ போய் எழுதிட்டு வா. உங்கப்பா அதத்தான் கேட்டிருப்பாரு."

வினாத்தாளில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. மேலே பன்னிரண்டாம் அடுக்கு, கீழே மூன்றாம் அடுக்கு. அவள் யோசிப்பதற்குள் கை நான்கு என்று எழுதிவிட்டது.

தப்பு என்று தெரிந்தது. ஆனால் அப்பா சொன்ன கடைசிச் சொல் அது. அதை அடிக்கக் கை எழவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பேனாவை அழுத்தி அந்த நான்கின் மேல் கோடு போட்டாள், பக்கத்தில் ஒன்பது எழுதினாள். விடை சரி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. பரீட்சை மண்டபமே திரும்பிப் பார்த்தது.