தளவாயின் ஜீப்புக்குக் கேரியர் வைத்த கதை, இதுவரை

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் வீட்டு ஜன்னல்தான் காரணம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஜன்னல் கம்பிக்குச் சொல்லியிருந்தேன். சாரல் தொடங்குவதற்குள் தருவதாக வாக்கு. சாரல் வந்து, அருவியில் தண்ணீர் விழுந்து, ஊரே துண்டும் கையுமாகப் போய்க் குளித்துவிட்டு வந்துவிட்டது. என் ஜன்னலில் இன்னும் பழைய பாய்தான் தொங்குகிறது. கேட்கப் போனால், பட்டறைக்காரர் ஒரு ஜீப்பின் கூரைமேல் குத்தவைத்துக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வாங்க சார்" என்றார். யாருடைய ஜீப் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, அவருக்கு இசக்கிமணி என்று பெயர் வைத்து எழுத உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "மலையின்மேல் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், இரும்பும் நெருப்பும் ஒன்றையொன்று—"

வேண்டாம். மேகம் தவழ்ந்தாலே எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று அச்சன்புதூருக்குத் திரும்பிய தளவாய்க்கு ஊரில் செய்ய வேலை எதுவும் இல்லை."

இது பாதிப் பொய். வயல் இருந்தது, ஆனால் அதை அவர் மனைவி ஜெயசித்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு இருந்தது, அவர் வடக்கே இருந்தபோது அவள் நின்று கட்டிய வீடு. மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதைக்கூட அவர் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருப்பது பொறுக்காமல் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். (ஆண்கள் ஜீப் வாங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவை இந்தக் கதைக்கு வேண்டாம்.)

ஜீப் வந்ததும் ஆசையும் வந்தது. ராணுவத்தில் கூடவே வேலை பார்த்து ஓய்வுபெற்ற கீழப்பாவூர் நம்பிராஜனும் அவரும் லடாக்குக்கு ஜீப்பிலேயே போவது என்று முடிவாயிற்று. பின் சீட்டைக் கழற்றிச் சாமான் வைக்க இடம் செய்தார்கள். முன்னால் இரண்டே பேருக்குத்தான் இடம். மிச்சச் சாமானுக்குக் கூரைமேல் ஒரு கேரியர் வேண்டும்.

ஜெயசித்ராவிடம், "வாழத்தாரு ஏத்துததுக்கு" என்று சொல்லிவைத்தார். எல்லையில் பயமில்லாமல் நின்ற மனிதர், அடுப்படி வாசலில் நின்று உண்மையைச் சொல்லப் பயந்துவிட்டார்.

3

"ஏலே இசக்கிமணி, லடாக்கு வரைக்கும் போணும். கூடாரம், டீசல் கேனு, ஸ்பேர் டயரு எல்லாம் மேல ஏறும். ஒரு கேட்டு எப்படி நிக்குமோ, அப்படி ஆடாம நிக்கணும்."

"அம்புட்டுதான அண்ணாச்சி. விட்டுட்டுப் போங்க."

இசக்கிமணி அதுவரை வீட்டுக் கேட்டும் ஜன்னல் கம்பியும் தவிர வேறெதுவும் செய்ததில்லை. லடாக் காதில் விழுந்தது, மனதில் நின்றது கேட் என்பது மட்டும்தான். தளவாய் அதைக் கவனிக்காமல் கூடாரம் கட்டிப் பார்க்கக் கீழப்பாவூருக்குப் போய்விட்டார்.

(வண்டியில் இப்படியெல்லாம் மாற்றம் செய்யலாமா என்று கேட்கும் போக்குவரத்துத் துறை வாசகர்கள் தயவுசெய்து அடுத்த பகுதிக்குப் போய்விடவும்.)

4

திரும்பி வந்து பார்த்தபோது ஜீப் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல் போல் நின்றது. கேரியரைச் சுற்றிலும் வேல் முனைகள். முன் மூலை இரண்டிலும் இரும்பு மயில். முன்பக்க வளைவில், பட்டைக் கம்பியை வளைத்துப் பெரிய எழுத்தில் ஒரு பெயர்.

"எலேய், வேலு எதுக்குலே?"

"கேட்டுன்னா வேலு வேணும்லா அண்ணாச்சி. ஒரு பய ஏறிக் குதிக்க மாட்டான்."

"ஜீப்புமேல எவம்லே ஏறிக் குதிக்கப் போறான்?" என்றவர், அப்போதுதான் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஜெயசித்ரா.

"இதை யாருலே வைக்கச் சொன்னா?"

"அக்காதான். கேட்டுன்னா பேரும் வேணும்லா. பேரு வைக்கணும்னா வீட்டுப் பொம்பளையாளுட்ட கேக்காம நான் வளைக்க மாட்டேன். ஆம்பளைய ஒண்ணு சொல்லுவாவ, மாட்டுன பொறவு வீட்ல இருந்து ஆளு வந்து கழத்தச் சொல்லும். உங்க வீட்டுக் கேட்டும் நாந்தான செஞ்சேன்? அக்கா நம்பரு கெடந்துது. லடாக்குப் போற வண்டிக்கு என்ன பேரு வைக்கன்னு கேட்டேன்."

"அவ என்னலே சொன்னா?"

"லடாக்கான்னு ரெண்டு மட்டம் கேட்டாவ. பொறவு, எழுத்து எம்புட்டுப் பெருசா வரும்னு கேட்டாவ."

5

இங்கே ஒரு தடுமாற்றம். முதல் பிரதியில் ஜெயசித்ராவை அடுப்படியில் உட்காரவைத்து, முந்தானையால் கண்ணைத் துடைக்க வைத்திருந்தேன். அவள் துடைக்கவில்லை. நானும் மூன்று வாக்கியம் மல்லுக்கட்டிப் பார்த்தேன். "அவள் விழியோரம் ஒரு துளி—" என்று எழுதியதும், அவள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். கதை அவள் பின்னால் போக வேண்டியதாயிற்று.

வாசலில் ஜீப் வந்து நின்றது. தளவாய் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஜெயசித்ரா கேரியர் கம்பியைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"வெல்டிங் நல்லாத்தான் வச்சிருக்கான். வாழத்தாரு அந்த வேலுல குத்திக்கிட்டு நிக்குமோ?"

"இல்லட்டி, அது வந்து..."

"வீட்டுக் கேட்டுல தளவாய் இல்லம்னு போட்டேன். ஆளுதான் ஊர்ல இல்ல, பேராவது வாசல்ல இருக்கட்டும்னு. இப்பம் வந்துட்டிய. வந்தவிய திரும்பவும் போறிய. எங்கிட்ட சொல்லக்கூட இல்ல. நான் கூட இல்லாட்டியும் எம்பேராவது போவட்டும்."

தளவாய்க்கு வெட்கமாக இருந்தது. ராணுவத்தில் யாரும் அவரை இவ்வளவு மெதுவான குரலில் திட்டியதில்லை. அவளும் எங்காவது வர ஆசைப்படுவாள் என்பது இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தனக்குத் தோன்றவில்லை என்று நினைக்க, அவருக்கே தன்மேல் கோபம் வந்தது.

6

முடிவுகள்.

அ) தளவாய் பெயரை மட்டும் அறுத்தெடுக்கச் சொல்கிறார். இசக்கிமணி மறுக்கிறார். ("அக்கா சொன்னாத்தான் அண்ணாச்சி.") நண்பர் ஒருவர் இதுதான் யதார்த்தம் என்றார். அவர் மனைவியும் வாசித்தார். அதன்பிறகு நண்பர் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார்.

ஆ) இருவரும் பனிமலையில். அவள் கையில் பனியை அள்ளி— போதும், எனக்கே கூசுகிறது.

இ) பெயரோடு ஜீப் போகிறது, அவள் போகவில்லை. வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் பெயரைக் காட்டி "யாருங்க இது?" என்று கேட்கிறார்கள். இதை எழுதத்தான் எனக்கு ஆசை. நல்ல சிரிப்பு கிடைக்கும். ஆனால் நான் பேனாவை எடுப்பதற்குள், ஜெயசித்ரா வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்துவந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நம்பிராஜனுக்கென்று வைத்திருந்த சீட். அவளை இறக்கும் வாக்கியம் என்னிடம் இல்லை.

தளவாயின் போன் அடித்தது. நம்பிராஜன்தான். கூடாரத்தை மடித்து வைத்துக்கொண்டு கீழப்பாவூரில் காத்திருக்கிறார்.

"எடுங்க" என்றாள் ஜெயசித்ரா. "என்ன சொல்லப் போறியன்னு நானும் கேக்குதேன்."

எடுத்துவிட்டார். "ஏலே நம்பி..." என்றார்.

அதற்குமேல் அவர் வாயில் நான் வைத்துப்பார்த்த வாக்கியம் ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இனி நீங்கள் ஒன்று வைத்துப் பாருங்கள். பார்த்து வையுங்கள், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.