ராய்ஸ் சீவிய கதவு

அன்று அங்கே இருந்தவர்கள்: டார்லா, அவளுடைய அண்ணன் வெண்டல், பக்கத்து மனைக்காரனான நான், வீட்டுக்கு அடியில் ஒரு பூனை. ஐந்து மணிக்கு ராய்ஸ் வருவதாக இருந்தது. டார்லாவை விட்டுப் பிரிந்த கணவன். தூண்டில்களை எடுக்க வருகிறானாம். சொல்லாமலும் வருவான், அவள் கதவு பூட்டாது என்பது அவனுக்குத் தெரியும்.

ஓக்லஹோமாவின் செம்மண் அந்தக் கோடையில் காய்ந்து சுருங்கியது. சிமெண்ட் கல் அடுக்குகளின்மேல் நின்ற டிரெய்லர் வீடு வாசல் பக்கம் இறங்கிவிட்டது. அடுப்பருகே பீன்ஸ் டின்னைப் படுக்க வைத்தால் உருண்டு வந்து கதவில் முட்டும்.

காலையிலிருந்து ஜாக்கி போட்டு வீட்டைத் தூக்கினோம். கோழி ஆலையில் இரவு வேலையை விட்டு மூன்று வாரம் ஆகியும் பகலில் என் கைகால் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆப்பு அடித்தேன், சாலையைப் பார்த்தேன், மறுபடி அடித்தேன். நான்கு மணிக்கு வெண்டல் ரசமட்டத்தை வைத்துக் காட்டினான். குமிழி நடுவில் நின்றது; வீடு மட்டமாகிவிட்டது. டார்லா கதவைச் சாத்திப் பூட்டைத் திருகினாள். பூட்டவில்லை.

கதவின் மேல்விளிம்பைப் பார்த்ததும் புரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் வீடு கொஞ்சம் சாய்ந்தபோது, ஜாக்கி போடச் சோம்பல்பட்ட ராய்ஸ், கதவை இழைப்புளியால் கோணலாகச் சீவி, பூட்டின் நாக்குக்கு வேறு துளையும் போட்டிருந்தான். கதவு நிலையின் சட்டம் ஏற்கெனவே துளைகளால் சல்லடை. இன்னொரு துளை போட்டால் பிளக்கும்.

“அப்ப இருந்த சாய்வுக்கே வாசப் பக்கம் கொஞ்சம் இறக்கு அண்ணே, பூட்டும்,” என்றாள் டார்லா.

வெண்டல் மறுத்தான். இருபது வருடமாக வீடு தூக்குகிறவன்.

“நான் கைவச்ச வீடு கோணலா நின்னா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்து நானும் சிரிக்கிறேன்.”

அவன் ஜாக்கியைப் பிடித்தான். நான் அடியில் நுழைந்து ஆப்புகளை ஒவ்வொன்றாக உருவினேன். மேலே அவள் பூட்டைத் திருகிப் பார்த்து, சரியில்லை என்றால் ஒரு தடவை, பூட்டினால் இரண்டு தடவை தரையை மிதிப்பாள். ஒன்று. ஒன்று. மறுபடி ஒன்று. பிறகு இரண்டு.

நான் வெளியே வருவதற்குள் ட்ரக் சத்தம். ராய்ஸின் பூட்ஸ் படியேறியது. டார்லா மறுபடி பூட்டாமல் விட்டிருந்த கதவைத் தள்ளி, தட்டாமலே உள்ளே போனான். தூண்டில் எடுக்க அத்தனை நேரம் எதற்கு என்று படுத்தபடி நினைத்தேன். கடைசியில் வாசலுக்கு வந்து ஒரு காலை ஆட்டித் தரையை அழுத்திப் பார்த்தான்.

“இன்னும் சாஞ்சுதான்டா இருக்கு. கண்ணு மங்கிடுச்சா வெண்டல்?”

வெண்டலின் கை ஜாக்கிப்பிடியில் இறுகியது.

“மிச்சத்த நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்,” என்று ராய்ஸ் படியிறங்கினான்.

அவன் முதுகுக்குப் பின்னால் டார்லா கதவைச் சாத்தினாள். நாக்கு துளைக்குள் நுழைந்த சத்தம் அடியில் கிடந்த எனக்கும் கேட்டது.