மாவு அலர்ஜி

மரணத்தின் முன் மனிதர் அனைவரும் சமம். வாசலில் பெரிய டாக்டரின் கார் வந்து நின்றதும் சித்தப்பா ஓடிப்போய், மூட்டுவலிக்கார உறவினர் ஒருவரை எழுப்பிவிட்டு, கைப்பிடி வைத்த அந்த நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து மின்விசிறிக்கு நேராகப் போட்டார்.

மகள் அப்போது கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். புண் வெளியே தெரியக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"இவர யாரு கூப்பிட்டது?"

"பெரிய மனுஷன், தானா வந்திருக்காரு. நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார் சித்தப்பா.

அப்பா பேக்கரி மாஸ்டர். இடுப்பில் சிவப்பாகத் தடித்தபோது இதே டாக்டர்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே "மாவு அலர்ஜி" என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா வேலையை விட்டார். மாவு போனது, தடிப்பு போகவில்லை. அடுத்து சோப்பு. அதற்கடுத்து பூனை, அம்மா அழுதுகொண்டே அதைக் கொண்டுபோய் எங்கோ விட்டு வந்தாள். களிம்பு தடவினால் கொஞ்ச நாள் அடங்கும். அடங்கினால் டாக்டரின் கைராசி. திரும்பி வந்தால் அப்பாவின் கவனக்குறைவு. எல்லாம் தீர்ந்தபின் பழியை மனசின் மேல் போட்டார். "வேலையில்லாத மனசு அரிக்கத்தான் செய்யும்." சித்தப்பா இதைச் சொந்தபந்தம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார்: "அண்ணனுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நடிப்பு."

வேறொரு ஆஸ்பத்திரியின் சின்ன டாக்டரம்மாதான் தோலில் ஒரு துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினாள். ஒன்றும் பிடிபடவில்லை. களிம்பை நிறுத்தச் சொல்லி மறுபடி வெட்டினாள். லிம்போமா. ரத்தத்தின் வெள்ளை அணுவில் பிறந்து தோலில் குடியேறி, படை சிரங்கு போல வேஷம் கட்டும் புற்றுநோய். அதற்குள் அது வேஷத்தைக் கலைத்துவிட்டு உள்ளே இறங்கியிருந்தது.

மகளுக்கு இன்று வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவைத் தூக்குவதற்குள், இத்தனை பேர் முன்னால், அந்த வாய் 'நான் தப்பா பாத்துட்டேன்' என்று சொல்ல வேண்டும்.

டாக்டர் மலர் வளையத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப அபூர்வமான நோய். லட்சத்துல ஒருத்தருக்கு வர்றதே கஷ்டம்."

பரிசளிப்பு விழாவில் பேசுகிற குரல் அது.

"கேட்டீங்களா, லட்சத்துல ஒருத்தர்!" சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரு எதுல முதல்ல வந்திருக்கா?"

"அது எந்த நோய் மாதிரி வேணும்னாலும் நடிக்கும். எங்களையே ஏமாத்திடுச்சுன்னா பாத்துக்கங்களேன்" என்றார் டாக்டர்.

மகள் எழுந்தாள்.

"அப்ப நடிச்சது நோய்தானே? எங்கப்பா இல்லையே?"

சித்தப்பா சுவரைப் பார்த்தார்.

"துக்கத்துல பேசுது டாக்டர், மனசுல வச்சுக்காதீங்க."

"நான் நல்லாத்தான் இருக்கேன் சித்தப்பா. மாவு இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ."

டாக்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அந்த நேரத்துல அது மாவு மாதிரிதாம்மா இருந்துச்சு."

"அந்தப் பூனை எங்க கெடந்து செத்துச்சோ" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

கிடைத்த இடைவெளி வீணாகக்கூடாது என்று மூட்டுவலிக்காரர் நொண்டியபடி முன்னால் வந்து முழங்காலைக் காட்டினார். அவர் பின்னால் ஒரு நெஞ்செரிச்சல் வந்தது. அதன் பின்னால் ஒரு தலைசுற்றல். இறந்தவருக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு வரிசையே உருவாகிவிட்டது. "டாக்டர நிம்மதியா இருக்க விடுங்கப்பா" என்று அதட்டிக்கொண்டே சித்தப்பா தன் ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்.

டாக்டர் கிளம்பினார். மகள் பின்னாலேயே போனாள். சபையில் சொல்லாவிட்டால் போகட்டும், தெருவிலாவது சொல்லாமல் இந்தக் கார் நகராது. கேள்விகள் பல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அவர் திறந்த கார்க் கதவைக் கையால் அழுத்திச் சாத்தினாள்.

"என்னம்மா?"

அவள் தன் சட்டைக் கையை மேலே ஏற்றி முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பாக, காசளவு ஒரு தடிப்பு.

"ரெண்டு மாசமா இருக்கு டாக்டர்."

அவர் குனிந்து பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

அவள் நன்றி சொன்னாள். இரண்டு தடவை.