ஆயுள் நீதிபதி வானமாமலை

வானமாமலைக்கு மைக் கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். தாராவியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அறிவிப்பு அவர்தான். நன்கொடை கொடுத்தவர் பெயரில் தொடங்கி, அவருடைய தாத்தா பம்பாய்க்கு ஏறிவந்த ரயில் வரைக்கும் போவார். கேட்டவர்கள் பாவம், வேறென்ன சொல்ல.

சங்கத் தலைவர் பிரம்மநாயகத்துக்கு இதற்கொரு முடிவு கட்டியாக வேண்டும். மைக்கைப் பிடுங்கினாலோ பகை. ஒருநாள் சந்தா வாங்க வந்தவர், வானமாமலையின் மகள் கோகிலவாணி சட்டப் பாடத்தை உரக்கப் படிப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அமெரிக்காவில் ஜனாதிபதி பெயர் சொல்லி, செனட் சபையும் சம்மதித்தால் ஒருவர் ஃபெடரல் நீதிபதி. ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை பதவி ஆயுசுக்கும். நியமித்தவரே நினைத்தாலும் இறக்க முடியாது.

அடுத்த கூட்டத்திலேயே தலைவர் பெயர் சொன்னார், சங்கம் கை தூக்கியது. தெருத் தகராறுகளுக்கு வானமாமலை ஆயுள் நீதிபதி! மனிதர் பூரித்துப்போனார். மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் பிரம்மநாயகம் மெல்லச் சொன்னார்.

"அண்ணாச்சி, நீதிபதி பொது ஆளு. இனிமே நீங்க மைக்கைத் தொடப்படாது."

கொடை அன்று காலை மைக் பிரம்மநாயகம் கையில். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த வானமாமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் வழக்கு வந்தது. பக்கத்துச் சந்து லூர்தம்மாள் தன் மகள் ஸ்வீட்டியைக் கையோடு கூட்டிவந்திருந்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு இவளுக்கு நீட் பரீட்சை. ஸ்பீக்கரை பந்த் பண்ணச் சொல்லுங்க."

பிரம்மநாயகம் ஓடிவந்து காதருகே குனிந்தார். "கேஸைத் தள்ளிருங்க அண்ணாச்சி. சாயங்காலம் மைக் உங்களுக்குத்தான். பதவி குடுத்தவன் கேக்கேன்."

வானமாமலைக்குக் கை பரபரத்தது. ஸ்வீட்டியின் தூங்காத கண்களைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தன் மகள் கோகிலவாணியைப் பார்த்தார்.

"ஏட்டி, பதவி குடுத்தவரு சொன்னா நீதிபதி கேக்கணுமா?"

"வேண்டாம்ப்பா. அதுக்குத்தான ஆயுசுக்கும் குடுக்கிறது."

அவர் எழுந்தார். மைக்கைக் கடைசியாக ஒருமுறை ஆசையோடு பார்த்துக்கொண்டார்.

"பரீட்சை முடியிற வரைக்கும் மைக் பந்த்!"

மைக் இல்லாமலே அது சயான் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பிரம்மநாயகம் போய்ச் சுவிட்சை அணைத்தார். அத்தனை வருஷத்தில் வானமாமலையின் பேச்சுக்குத் தெரு கை தட்டியது அன்றைக்குத்தான்.